வெட்டி விடுவதா, எலும்பில் கட்டுவதா?

சிங்கப்பூர் தேக்காவில் பரோட்டா வீசும் என் மாமாவுக்கு ரொம்ப நாளாகத் தோளின் முன்பக்கம் வலி. பாலிகிளினிக், பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்தும் அடங்காமல் கடைசியில் ஆபரேஷன் என்று வந்தபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார்: தசைநாணை, அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறை, வெட்டி அப்படியே விட்டுவிடலாம், இல்லை வெட்டி வேறு இடத்தில் பொருத்தலாம். மாமா பயந்துபோனார். "வெட்டி விட்டா கை எப்படிப்பா வேலை செய்யும்?"

செய்யும். ஏனென்றால் பைசெப்ஸ் என்ற மேற்கையின் முன்பக்கத் தசைக்கு மேல்முனையில் இரண்டு தசைநாண்கள்; ஒன்றை வெட்டினாலும் மற்றது பிடித்திருக்கும். குட்டையானது மூட்டுக்கு வெளியிலேயே ஒட்டிக்கொள்வதால் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நீளமானதோ மேற்கை எலும்பின் முன்பள்ளம் வழியாக ஏறி, பந்து போன்ற தலைமேல் வளைந்து, மூட்டுக்குள் நுழைந்து, அந்தப் பந்து உட்காரும் கிண்ணத்தின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கிறது. கையைத் தூக்கித் தூக்கி வேலை செய்பவர்களுக்கு இந்த வளைவில்தான் அது உரசி, வீங்கி, நார் நாராகப் பிரியும். உரசும் அந்தத் துண்டை மூட்டிலிருந்து விடுவித்தால் வலி குறையும். இரண்டு வழியும் செய்வது இதைத்தான்.

வெட்டி விடுவது சின்ன வேலை, சின்னத் துளை வழியே கருவி விட்டே முடிக்கலாம், கையைச் சீக்கிரம் அசைக்கலாம். ஆனால் தசை கீழே சரிந்து சிலருக்கு மேற்கையில் உருண்டையாகப் புடைக்கும், டாக்டர்கள் 'பாப்பாய்' புடைப்பு என்பார்கள். பாரமான வேலையில் தசை பிடித்துக்கொள்வதும் உண்டு. கட்டுவதில் அறுந்த நுனியை மேற்கை எலும்பிலேயே திருகாணியோ நங்கூரமோ வைத்துப் பிடிப்பதால் தசையின் நீளம் அப்படியே இருக்கும், புடைப்பு அபூர்வம். பதிலுக்கு, ஒட்டும்வரை சில வாரங்கள் அந்தக் கையால் எதையும் மடக்கித் தூக்கக்கூடாது. அரிதாக, துளை போட்ட இடத்தில் எலும்பு முறியவும் செய்யும்.

இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலியும் கையின் செயல்பாடும் ஏறக்குறைய ஒன்றுதான், தெளிவாகத் தெரியும் வித்தியாசம் அந்தப் புடைப்புதான். அதனால் வெட்டி விடுவதை அரைகுறை வைத்தியம் என்று நினைப்பது தப்பு. வயதானவர்களுக்கு அதுவே நல்லது என்பேன். கிண்ணத்தின் மேல்விளிம்பைத் தைத்துச் சரிசெய்யும் மூன்றாவது வழியும் உண்டு, ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தோள் இறுகிவிடும் என்று அதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

மாமாவுக்கு வேறு கணக்கு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முக்கிய பலமே பைசெப்ஸ்தான், சாவி திருப்புவதும் அதில்தான். மாவைப் புரட்டி வீசுபவருக்கு அந்தத் திருப்பம்தான் பிழைப்பு. கட்டச் சொன்னார். இப்போது ஐந்தாவது வாரம், கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் இருக்கிறது, கல்லுக்கு முன்னால் அவர் மகன் நிற்கிறான்.