ஒலிபெருக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது?

வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமம். புயல், வெள்ளம் வந்தால் ஊருக்குள் தகவலை எப்படிக் கொண்டுபோவது என்று ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து திட்டம் போடுவது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்: ராத்திரி ஒரு மணி, கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, ஊரையே எழுப்ப வேண்டும், என்ன செய்வீர்கள்?

"கோயில் மைக்செட் இருக்கே மேடம்" என்றார் ஒருவர்.

சரி, இப்போதே போட்டுப் பார்ப்போம் என்றேன். ஆம்ப்ளிஃபயர் கோயில் அறையில் பூட்டிக் கிடந்தது. சாவி பூசாரியிடம். அவர் ஒரு கல்யாணத்துக்குத் திருத்துறைப்பூண்டி போயிருந்தார். சாவி கைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது. கரண்ட் இல்லை என்பதுதானே பேச்சு, அதனால் பிளக்கில் மாட்ட வேண்டாம் என்றோம். ஒரு பையன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றி வந்தான். நல்ல வேளையாக அது 12 வோல்ட்டிலும் ஓடும் ஆம்ப்ளிஃபயர். பேச ஆரம்பித்ததும் ஊரின் நாலு மூலைக்கும் ஆள் அனுப்பி, கேட்கிறதா என்று பார்த்து வரச் சொன்னேன்.

மூன்று பேர் கேட்கிறது என்றார்கள். காலனிப் பக்கம் போனவன் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்றான். கூடவே வந்த ஒரு அக்கா சொன்னார்: "திருவிழாப் பாட்டே எங்களுக்குக் காத்து இந்தப் பக்கம் அடிச்சாத்தான் கேக்கும்." நிமிர்ந்து பார்த்தால், ஒலிபெருக்கிக் குழாய் இரண்டும் தேரடித் தெருவையும் குளத்தையும் பார்த்துக் கட்டியிருந்தது. அத்தனை வருஷத்தில் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. தாழ்வான இடத்தில், கூரை வீடுகளும் ஓட்டு வீடுகளுமாக இருந்தது அந்தக் காலனிதான். முதலில் தகவல் போக வேண்டிய இடமும் அதுதான்.

எச்சரிக்கை என்றால் வானிலை மையத்தின் வேலை, கலெக்டர் ஆபீஸ் வேலை என்று நினைக்கிறோம். அவர்கள் வேலை இன்று எவ்வளவோ தேறிவிட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடக்கும் என்பது பல நாள் முன்பே சொல்லப்பட்டது. பல்லாயிரம் பேர் முகாமுக்குப் போனார்கள். சிக்கல் அதற்குப் பிறகு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. செல்போன் கோபுரங்கள் சில சாய்ந்தன, பல கரண்ட்டும் டீசலும் இல்லாமல் நின்றன. தென்னை மரங்கள் சாலையை அடைத்துக் கிடந்தன. உதவி எப்போது வரும் என்று கிராமத்துக்குத் தெரியவில்லை. எந்தக் கிராமத்தில் என்ன நிலைமை என்று வெளியே இருப்பவர்களுக்கும் தெரியவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது தாமிரபரணிக் கரை ஊர்களும் இப்படித்தான் தனித்தனித் தீவாயின. கோபுரம் வேலை செய்யும் வரைதான் வாட்ஸ்அப் குழு. அதையே திட்டமாக எழுதி வைத்திருக்கும் ஊர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

புதுச்சேரியை ஒட்டிய நல்லவாடு கதையை எல்லாப் பயிற்சியிலும் சொல்வேன். 2004 டிசம்பர் 26. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் ஒன்று இருந்தது. மக்கள் அதன் கதவை உடைத்து உள்ளே போய், அங்கிருந்த ஒலிபெருக்கியில் அலை வருகிறது, ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் இருந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. இதில் நான் கவனிக்கச் சொல்வது கருவியை இல்லை, பழக்கத்தை. கடல் நிலவரம் போன்ற சேதிகளைக் கேட்டுக் கேட்டு அந்தக் குழாய்ச் சத்தத்துக்கு ஊர் பழகியிருந்தது. வருஷம் முழுக்கச் சும்மா கிடந்துவிட்டு ஆபத்து நாளில் மட்டும் அலறுகிற கருவியை யாரும் நம்பி ஓட மாட்டார்கள்.

அப்புறம், சொல்லும் வார்த்தை. "தென்மேற்கு வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள புயல் மேற்கு வடமேற்குத் திசையில் நகர்ந்து" என்று வாசித்தால் ஓட்டு வீட்டில் இருக்கும் பாட்டிக்கு என்ன புரியும்? ஊர் மொழியில் நாங்கள் எழுதிக் கொடுத்தது இப்படி இருக்கும்: "இன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேலே பெரிய காத்து. கூரை வீடு, ஓட்டு வீட்டுக்காரங்க எல்லாரும் ஆறு மணிக்குள்ளே பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. ஆடு மாட்டைக் கட்டிப் போடாதீங்க, அவுத்து விடுங்க. மாத்திரை, ரேஷன் கார்டு கையிலே எடுத்துக்குங்க. நடுவுலே காத்து நின்னாலும் வெளியே வராதீங்க, திரும்ப எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும்." கடைசி வரியை விட்டுவிடவே கூடாது. புயலின் கண் ஊருக்கு மேலே வரும்போது காற்று அடங்கும். முடிந்துவிட்டது என்று கதவைத் திறந்து மாட்டைத் தேடிப் போனவர்களை மறுபடி கிளம்பும் காற்று பிடித்துக்கொள்ளும். மாட்டைப் பற்றிய வரியும் முக்கியம். மாட்டை விட்டு வர மனசில்லாமல்தான் பலர் வீட்டிலேயே தங்குகிறார்கள்.

யார் சொல்கிறார்கள் என்பதும் பெரிய விஷயம். தாலுகா ஆபீஸ் தகவல் விஏஓவுக்கு வரும், அவர் தலையாரியிடம் சொல்வார். அதற்கு மேல் யார்? எனக்குக் கை கொடுத்தவர்கள் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டரும், மகளிர் குழுத் தலைவிகளும், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்களும். தினமும் ஊரைச் சுற்றி வருகிறவர்கள், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், யார் இறால் பண்ணைக்கு இரவுக் காவல் போகிறார் என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள். ஒருவருக்கு இருபது வீடு. நோட்டில் பெயர் இருக்கும். சொன்னால் மட்டும் டிக் அடிக்கக் கூடாது, வீட்டை விட்டுக் கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் அடிக்க வேண்டும். தண்டோரா போடுவதை நிறுத்தும்படி 2022-ல் அரசே அறிவுறுத்தியது. சரியான முடிவு. ஒரு குடும்பம் பறையோடு தெருத்தெருவாக நடந்து செய்த வேலை இப்போது ஊர் மொத்தத்துக்கும் சேர வேண்டிய பொறுப்பு.

வதந்திக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். சுனாமிக்கு நாலாம் நாள், டிசம்பர் 30 அன்று, மறுபடி அலை வரலாம் என்ற எச்சரிக்கையில் கடற்கரை ஊர்கள் மீண்டும் சிதறி ஓடின. அலை வரவில்லை. அதனால் ஊரில் இரண்டு பேருக்கு மட்டும் சரிபார்க்கும் பொறுப்பு கொடுக்கிறோம். அவர்கள் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070 என்று கூப்பிட்டுக் கேட்டுச் சொல்வார்கள். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பும் அதே குரலில், அதே குழாயில் வர வேண்டும். போன் அடியோடு செத்துவிட்டால் போலீஸ் ஸ்டேஷன் வயர்லெஸ்தான் வழி. அங்கே போகும் பைக்கில் அரிவாளும் கயிறும் இருக்கட்டும், மரம் விழுந்த ரோட்டில் அவை இல்லாமல் நகர முடியாது.

அந்த ஊருக்கு இரண்டு மாதம் கழித்துப் போனேன். மேல்நிலைத் தொட்டியில் காலனியைப் பார்த்து மூன்றாவது குழாய் கட்டியிருந்தார்கள். சாவி இப்போது மூன்று பேரிடம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரேஷன் கடையில் என்ன வந்திருக்கிறது, தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று அதே அக்கா மைக்கில் சொல்கிறார். தோப்புக்குள் தனியாக இருக்கும் பாட்டிக்குக் காது கேட்காது. அவர் பெயருக்கு எதிரே ஒன்பதாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் பெயரை எழுதியிருக்கிறார்கள். எப்படி எழுப்புவாய் என்று கேட்டேன். ஜன்னல் வழியாக முகத்தில் டார்ச் அடிப்பேன் என்றான். ஏற்கெனவே ஒரு தடவை அடித்துப் பார்த்தானாம், பாட்டி திட்டிக்கொண்டே எழுந்து வந்தாராம்.