கேசினோ கார்டுல ஏறுற பாயிண்ட்டும் ஏப்ரல்ல வர்ற கணக்கும்

நியூ ஜெர்சில டாக்ஸ் ஃபைலிங் பண்ணிக் குடுக்குறது என் வேலை. பிப்ரவரி வந்தாலே சம்பளத்துக்கு டபிள்யூ-2, மத்த வரவுக்கு 1099, வீட்டு லோன் பேப்பர்னு கட்டு கட்டா வரும், அதுக்கு நடுவுல கொஞ்ச வருஷமா டபிள்யூ-2ஜின்னு ஒரு ஸ்லிப் அடிக்கடி கண்ணுல படுது. ஸ்லாட் மெஷின்ல ஒரே அடியில 1,200 டாலரோ அதுக்கு மேலயோ விழுந்தா கேசினோ குடுக்குற ஸ்லிப் அது (2026லேர்ந்து அந்த லிமிட்ட 2,000 ஆக்கிட்டாங்க). எடிசன்லேர்ந்து பார்க்வே பிடிச்சா ஒன்றரை மணி நேரத்துல கேசினோ ஊரான அட்லாண்டிக் சிட்டி, வெள்ளிக்கிழமை ஆஃபீஸ் முடிச்சு கிளம்பிடுறாங்க.

போன வருஷம் ஒரு தம்பதி வந்தாங்க. அவர் ஐடி, அவங்க ஸ்கூல்ல வேலை. ஜாயின்ட் ரிட்டர்ன், ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். நான் பக்கத்த திருப்பி "இந்த 6,400 கேம்ப்ளிங் இன்கம்"னு சொன்னதும் அந்தம்மா அவர பாத்தாங்க, "ஏங்க, சும்மா ரூம் ஃப்ரீயா தர்றான்னுதானே போறேன்னீங்க?" அவர் என்னப் பாத்து சிரிக்கிற மாதிரி, "சார், நான் கைக்காசே போடுறதில்ல, சாப்பாடு, ரூம், பார்க்கிங் எல்லாம் பாயிண்ட்லயே ஓடிடும், டயமண்ட் கார்டு சார்."

நஷ்டத்தக் கழிக்க முடியுமான்னு பாக்க வின் லாஸ் ஸ்டேட்மென்ட் எடுத்துட்டு வரச் சொன்னேன். கேசினோ குடுக்குற அந்த மெம்பர் கார்ட மெஷின்ல சொருகி ஆடுன ஒவ்வொரு ஸ்பின்னும் கேசினோ கிட்ட இருக்கு, கேட்டா ஒரு பேப்பர்ல குடுப்பாங்க. அடுத்த வாரம் அவர் மட்டும் தனியா கொண்டு வந்தார். வருஷம் முழுக்க போட்ட பந்தயம் 90,000 டாலர், மொத்த நஷ்டம் 8,700.

"90,000மா? நான் எங்க சார் அவ்வளவு போட்டேன், ஒரு தடவ போனா 300, 400தான் எடுத்துட்டுப் போவேன்"னார். பொய் இல்ல அது. 300 டாலர் உள்ள போகும், கொஞ்சம் ஜெயிக்கும், அதையே திருப்பிப் போடுவோம், திரும்ப கொஞ்சம் வரும், அதையும் போடுவோம், இப்படி அதே காசு சுத்திச் சுத்தி ஆயிரக்கணக்குல ஓடும். கேசினோ பாஷைல இதுக்குப் பேரு காயின் இன். பாயிண்ட் ஏறுறது இதுக்குத்தான். நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களாங்கறது பாயிண்ட்டுக்கு ஒரு பொருட்டே இல்ல.

சீசர்ஸ் ரிவார்ட்ஸ் கணக்க எடுத்துக்கோங்க, ஏன்னா அது எல்லாருக்கும் தெரிஞ்ச கார்டு. ஸ்லாட்ல 5 டாலர் ஆடுனா ஒரு கிரெடிட், 100 கிரெடிட் சேந்தா ஒரு டாலர். அப்போ 500 டாலர் சுத்துனாதான் ஒரு டாலர், வீடியோ போக்கர்னா 1,000. ஒரு டாலர் பெட்டுல மணிக்கு 600 ஸ்பின்ங்கறது சர்வ சாதாரணம், மெஷின் சராசரியா பத்து சதவீதம் பிடிச்சுக்கும்னு வெச்சா ஒரு மணி நேரத்துக்கு 60 டாலர் போகுது, பாயிண்ட்டா திரும்பி வர்றது 1 டாலர் 20 சென்ட். (நியூ ஜெர்சில மெஷின் குறைஞ்சது 83 சதவீதம் திருப்பித் தரணும்னு விதி இருக்கு, மீதி எவ்வளவுங்கறது அவங்க இஷ்டம்.) டயமண்டுங்கற படிக்கு ஏற 15,000 டியர் கிரெடிட் (கார்டு எந்தப் படின்னு முடிவு பண்ற கணக்கு) வேணும், போனஸ் கிரெடிட் எதுவும் இல்லன்னா 75,000 டாலர் சுத்தணும். அந்த டியர் கணக்கு ஜனவரி முதல் தேதி திரும்ப சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும், அதனாலதான் டிசம்பர்ல "இன்னும் 800தான் பாக்கி"ன்னு ஓடுறாங்க. பாக்கி 800ன்னா 4,000 டாலர் பந்தயம்ப்பா.

நம்மாளு கார்டு வேற கேசினோ, ஆனா ரேட் ஏறக்குறைய இதேதான். 90,000க்கு பாயிண்ட் 180 டாலர். ஃப்ரீ ரூம் பெரும்பாலும் செவ்வாய், புதன் மாதிரி காலியா கிடக்குற நாள்ல. அதுவும் தானம் இல்ல. உங்க சராசரி பெட், எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்துல அவங்களுக்கு எத்தனை சதவீதம்னு பெருக்கி உங்ககிட்ட எவ்வளவு வரும்னு முன்னாடியே ஒரு நம்பர் வெச்சிருப்பாங்க, தியோம்பாங்க, அதுல ஒரு பகுதிதான் ரூமா சாப்பாடா திரும்புது. கேசினோ இனாமா குடுக்குற ஆட்டக் காசான ஃப்ரீ பிளேய கையில காசா வாங்க முடியாது, ஒரு தடவ ஆடித்தான் தீரணும். கார்டு சொருகுனா மெஷின் குடுக்காதுன்னு சிலர் சொல்றது மட்டும் கட்டுக்கதை, மெஷினுக்கு கார்டு இருக்கா இல்லையாங்கறதே ஒண்ணுதான்.

அட்லாண்டிக் சிட்டிலயே நடந்த ஒரு பழைய கேஸ் இருக்கு, லிபுட்டின்னு ஒருத்தர், டிரம்ப் பிளாசா கேசினோல 1987லேர்ந்து 89 வரைக்கும் 80 லட்சம் டாலருக்கு மேல விட்டவர், அதே மூணு வருஷத்துல கார், டிக்கெட், டூர்னு கேசினோ அவருக்குக் குடுத்தது 25 லட்சம் டாலர் கிட்ட. அந்த கிஃப்ட்டுக்கு வரி கட்டுன்னு கேஸ் போய், 1996ல டாக்ஸ் கோர்ட் அது சூதாட்டத்துல வந்த வரவுதான், நஷ்டத்த அதுல கழிச்சுக்கலாம்னு சொல்லிடுச்சு. கோர்ட்டே ஒத்துக்கிட்ட விஷயம், அந்த கிஃப்ட் வந்ததே அவர் விட்ட காசாலதான்.

நம்மாளுக்கு அந்தக் கழிவும் உதவல. நஷ்டத்த ஐட்டமைஸ் பண்றவங்கதான், அதாவது கழிவ ஒவ்வொண்ணா பட்டியல் போடுறவங்கதான் காட்ட முடியும், அதுவும் ஜெயிச்ச அளவுக்குத்தான், 2026லேர்ந்து நஷ்டத்துல 90 சதவீதம் மட்டும்தான். இவங்க பட்டியல் போடாம, பொதுவா குடுக்குற கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்குறவங்க. அதனால 8,700 விட்டவர் 6,400க்கு 22 சதவீதம், சுமார் 1,400 டாலர், ஃபெடரல் டாக்ஸும் கட்டுனார். ஸ்டேட்ல மட்டும் ஜெயிச்சதுலேர்ந்து தோத்தத கழிக்க விடுறாங்க. ஐட்டமைஸ் பண்றவங்களும் வின் லாஸ் பேப்பர மட்டும் நம்பாதீங்க, வரித்துறை ஐஆர்எஸ் கேட்டா தேதிவாரியா எழுதி வெச்ச கணக்கு வேணும்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஒரு ரவுண்டு காட்டுவோம்னு கூட்டிட்டுப் போறவங்களும், எஃப்-1 விசால படிக்கிற பசங்களும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க: நான்ரெசிடென்டுக்கு, அதாவது வரிக் கணக்குல இந்த நாட்டுக்காரரா எடுத்துக்காதவங்களுக்கு, ஸ்லாட் ஜாக்பாட்ல 30 சதவீதம் அங்கயே பிடிச்சுடுவாங்க, நஷ்டம் காட்டிக் கழிக்கவும் வழி இல்ல.

ஆடுறத நிறுத்த முடியலன்னா நியூ ஜெர்சி கேமிங் என்ஃபோர்ஸ்மென்ட் டிவிஷன்ல, என்ன கேசினோல ஆட விடாதீங்கன்னு செல்ஃப் எக்ஸ்குளூஷன் எழுதிக் குடுக்கலாம், ஒரு வருஷமோ அஞ்சு வருஷமோ. அதுக்கப்புறம் ஆஃபர் மெயில் வரக்கூடாது, மீறிப் போய் ஜெயிச்சாலும் காசு கைக்கு வராது. சூதாட்டப் பழக்கம் பத்தி யார்கிட்டயாவது பேசணும்னா உதவி எண் 1-800-426-2537. நம்மாளு ஜூன்ல எழுதிக் குடுத்துட்டு எனக்கு போன் பண்ணார். மெயில் நின்னுடுச்சாம், வீட்டுலயும் கொஞ்சம் சமாதானமாம். வைக்கிறதுக்கு முன்னாடி குரல இறக்கி, "கார்டுல 60 டாலருக்கு பாயிண்ட் பாக்கி இருந்துச்சு சார், அத எடுக்க வழி ஏதாச்சும் இருக்கா?"ன்னார்.