கனவுக்குள் விழித்துக்கொள்வது எப்படி?

கனவில் யானை துரத்தினால் என்ன பலன் என்று கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். திபெத்திய பௌத்தத்தின் 'மிலம்' என்னும் கனவு யோகம் யானைக்குப் பொருள் தேடுவதில்லை. அது துரத்தும்போதே 'இது கனவு' என்று கண்டுகொள்ளப் பழக்குகிறது. இந்திய பௌத்த குரு நரோபாவின் பெயரால் வழங்கும் ஆறு யோகங்களில் இதுவும் ஒன்று.

தூங்கிக்கொண்டே அப்படித் தெளிவாக இருக்க முடியுமா? ஐயத்தைத் தீர்த்தது கண். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும், கனவு மிகுந்த விழியசைவு உறக்கத்தில் (REM) கைகால் தசைகள் கட்டுண்டு கிடக்கும். கனவில் ஓடினாலும் கட்டிலை விட்டு நாம் நகராதது அதனால்தான். கண் தசைகளுக்கு அந்தக் கட்டு இல்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், கனவு காண்பவர் ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமுமாக அசைத்ததைக் கருவியில் பதிவு செய்தார். 2021-இல் வெளியான ஆய்வில், தூங்குபவரிடம் 'எட்டில் ஆறு போனால் எவ்வளவு?' என்று கேட்டார்கள். கண் இரண்டு முறை இடவலமாகப் போய் வந்தது.

பழக விரும்பினால் முதலில் நேரத்தைப் பிடிக்க வேண்டும். உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. முன்னிரவில் ஆழ்ந்த உறக்கமே அதிகம், கனவுக் கட்டம் விடியலை நெருங்க நெருங்க நீளும். அதனால் படுத்து 5 மணி நேரம் கழித்து அலாரம் வையுங்கள். எழுந்து 20, 30 நிமிடம் விழித்திருங்கள், கைபேசி வேண்டாம். கடைசியாகக் கண்ட கனவை மனத்தில் ஓட்டி, அதில் வினோதமாக இருந்த இடத்தில் 'இது கனவு' என்று நீங்களே சொல்வதாகக் கற்பனை செய்யுங்கள். 'அடுத்த கனவில் இது எனக்கு நினைவு வரும்' என்ற எண்ணத்தோடே மறுபடி தூங்குங்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு செய்த ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த முறையின் சாரம் இது.

தலையணையருகே நோட்டு இருக்கட்டும். விழித்ததும் புரளாமல் கிடந்து, கனவைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்த பிறகே எழுதுங்கள். எழுந்து பல் துலக்கிவிட்டு எழுதலாம் என்றால் ஒன்றும் மிஞ்சாது.

பகலில் பழகுவது கனவிலும் தொடரும் என்பதால், 'இது கனவா?' என்று அறியப் பகலிலேயே ஒரு சோதனை: ஒரு வரியைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படிப்பது. கனவில் பெரும்பாலும் எழுத்து மாறிவிடும். பலர் தோற்பது இங்கேதான். கடமைக்குச் செய்தால் கனவிலும் கடமைக்கே செய்து, 'விழித்துத்தான் இருக்கிறேன்' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும் உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும்.

கனவு என்று தெரிந்த கணத்தில் பொங்கும் குதூகலமே தூக்கத்தைக் கலைத்துவிடும். கனவுக்குள்ளேயே உள்ளங்கைகளைத் தேய்த்து, அந்த உரசலில் கவனம் வைத்தால் காட்சி நிலைக்கக்கூடும். சில நேரம் மனம் விழித்தும் தசைக்கட்டு அவிழாமல் நெஞ்சை அழுத்துவது போலிருக்கும். பேய் அமுக்குகிறது என்பார்களே, அதுதான். சிறிது நேரத்தில் தானே விலகும். வாரத்தில் ஓரிரு இரவுக்கு மேல் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மனச்சிதைவு போன்ற சிக்கல் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது.

கனவு வசப்பட்டதும் பெரும்பாலோர் பறந்து பார்ப்பார்கள். பறப்பது சுகம்தான், ஆனால் மிலம் அதோடு நிற்பதில்லை. சிறியதைப் பெரிதாக்கு, ஒன்றைப் பலவாக்கு என்கிறது. தீயைக் கண்டால் அதற்குள் நட என்கிறது. சுடாத தீயில் நின்றவருக்கு, அச்சமும் தீயும் ஒரே மனத்தின் புனைவு என்பது பாடமாக இல்லாமல் அனுபவமாக வருகிறது. அடுத்த படி, காட்சிகளை எல்லாம் கரையவிட்டு விழிப்போடு மட்டும் இருப்பது. யானை இருந்த இடத்தில் அப்போது யானையும் இல்லை, ஓடுபவரும் இல்லை.