பதின்வயதுப் பிள்ளைகளோடு ஐரோப்பியக் கப்பல் பயணம்: விலைக்கு முன் வழித்தடத்தைப் பாருங்கள்

பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கோ கல்லூரிக்கோ போவதற்குள் ஒருமுறை ஐரோப்பா காட்டிவிட வேண்டும் என்று நினைக்கும் சேலத்துக் குடும்பங்களுக்குச் சொகுசுக் கப்பல் நல்ல வழி. ஒரே அறையில் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு ஏழு இரவுகளில் நான்கைந்து ஊர் பார்க்கலாம். தினமும் ஹோட்டல் மாற வேண்டாம். மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்திலேயே அடங்கிவிடும்.

ஆனால் எங்களிடம் விசாரிக்க வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது. கப்பலின் பெயர், நீர்ச்சறுக்கு, விலை மூன்றும் அதில் தெரியும். எந்தெந்தத் துறைமுகம், எத்தனை மணிக்குப் போய்ச் சேரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்ற பட்டியலை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். என்ன விசா வேண்டும், கூடுதலாக எவ்வளவு செலவாகும், பிள்ளைகள் கரையில் எத்தனை மணி நேரம் நிற்பார்கள் என்று தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான்.

விளம்பரத்தில் 'ரோம்' என்று போட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிதாவெக்கியாவில். ரோமுக்கு அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 'ஃபுளோரன்ஸ்' என்பது லிவோர்னோ அல்லது லா ஸ்பெசியா. 'பாரிஸ்' என்பது லெ ஆவ்ர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே. ரயிலில் போக மட்டுமே மூன்று மணி நேரம் ஆகும். 'வெனிஸ்' என்று விற்கப்படும் பயணங்கள் பலவும் ட்ரியெஸ்தே அல்லது ராவென்னாவிலிருந்து கிளம்புகின்றன. 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரை ஒட்டிய கால்வாய்க்குள் போக முடியாது. மாறாக, நேப்பிள்ஸில் கப்பலை விட்டு இறங்கினால் ஊரின் நடுவிலேயே நிற்பீர்கள். பார்சிலோனாவிலும் நகரம் பக்கம்தான்.

ரோம் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் காலை 7 முதல் மாலை 7 வரை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, துறைமுகப் பேருந்தில் வாசலுக்கு வந்து, ரயிலைப் பிடித்து ரோம் சேர மணி 10 ஆகிவிடும். கப்பல் கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியாக வேண்டும். எனவே 4 மணிக்கு ரோமைவிட்டுக் கிளம்ப வேண்டும். கையில் இருப்பது ஆறு மணி நேரம். இதில் கொலோசியமும் வாட்டிகனும் இரண்டும் பார்க்க நினைத்தால் இரண்டுமே பாழ். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாங்களே கேட்டு வாங்கிய இடத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது குறைவு. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையா என்றும் பாருங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் வாட்டிகன் அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகை: கொலோசியத்திலும், நேப்பிள்ஸ் அருகே எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பேயியிலும் 18 வயது நிரம்பாதவர்களுக்கு நுழைவு இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும். அதற்காக முன்பதிவு இல்லாமல் போய்விடாதீர்கள். கொலோசியத்துக்கு நேரம் குறித்து, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும்; வயதைக் காட்ட அடையாள ஆவணமும் வேண்டும்.

சாண்டோரினியைப் படத்தில் பார்த்து மயங்காதவர் இல்லை. அங்கே கப்பல் கடலிலேயே நிற்கும். சிறு படகில் கரைக்குப் போய், மேலே ஊருக்கு ஏற கேபிள் காருக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஒரே நாளில் பல கப்பல்கள் வந்தால் அந்த வரிசையிலேயே ஒரு மணி நேரம் கரையும். காற்று பலமாக அடித்தால் படகை இறக்காமல் கப்பல் அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடும். அதற்காகப் பயணக் கட்டணம் திரும்பி வராது. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். இது தவிர 2025 ஜூலை முதல் சாண்டோரினியிலும் மிகோனோஸிலும் கப்பல் பயணிகளுக்கு கிரீஸ் அரசு கட்டணம் விதிக்கிறது. உச்ச பருவத்தில் தலைக்கு 20 யூரோ.

மே மாதமும் பிள்ளைகள் கூட்டமும்

நம் பிள்ளைகளுக்கு வசதியான மாதம் மே. மத்தியத்தரைக் கடல் ஊர்களில் அப்போது வெயில் இதமாக இருக்கும், கட்டணமும் ஜூலை, ஆகஸ்டை விடக் குறைவு. ஆனால் ஐரோப்பாவில் பெரும்பாலான பள்ளிகள் ஜூன், ஜூலையில்தான் மூடும். அதனால் மே மாதக் கப்பலில் பதின்வயதினர் குறைவு. அவர்களுக்கான கிளப்பில் ஆளில்லாமல் வயதுப் பிரிவுகளைச் சேர்த்துவிடுவதும் உண்டு. இத்தாலிய நிறுவனங்களின் கப்பல்களில் அறிவிப்பு ஐந்தாறு மொழிகளில் மாறி மாறி வரும். சுற்றிலும் இத்தாலிய, ஸ்பானியப் பிள்ளைகள் இருப்பார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்த, கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை அதில் ஒதுங்கிவிடலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, விலை சற்றுக் கூடினாலும் ஆங்கிலம் முதன்மையாகப் பேசப்படும் அமெரிக்க நிறுவனக் கப்பலே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

கிளப் வயதுப் பிரிவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல கப்பல்களில் 12–14, 15–17 என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நார்வீஜியன் போன்ற நிறுவனத்தில் 13–17 ஒரே பிரிவு. அங்கே 12 வயதுத் தங்கை சின்னப் பிள்ளைகளோடு போக வேண்டியிருக்கும். உடற்பயிற்சிக் கூடம், நீர்ச்சறுக்கு, ஏறுசுவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது, உயர வரம்பு உண்டு. முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள்.

தினமும் ஒரு துறைமுகம் இருந்தால்தான் காசுக்கு மதிப்பு என்று பெற்றோர் நினைக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் காலை ஆறரைக்கு எழுப்பினால் நான்காம் நாள் பிள்ளை அறையைவிட்டு வராது. ஏழு இரவுப் பயணத்தில் ஒரு நாளாவது முழுக்கக் கடலில் இருப்பது நல்லது.

பிளஸ் ஒன் முடித்த பிள்ளையானால் இன்னொரு சங்கடம். சேலம், நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் மே மாதமே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். பள்ளியிடம் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

விசா: எத்தனை முறை நுழைகிறீர்கள்?

ஏதென்ஸில் கப்பல் ஏறி, துருக்கியின் குஷாதசி போய், அங்கிருந்து கிரீஸின் ரோட்ஸ் தீவுக்குத் திரும்பினால் ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் பகுதி) எல்லைக்குள் நீங்கள் நுழைவது இரண்டு முறை. ஒருமுறை நுழைவு விசா இருந்தால் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். துருக்கி, மாண்டினீக்ரோ, பிரிட்டன் ஆகியவை ஷெங்கனில் இல்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் தவறாக இருக்கும். சவுத்தாம்ப்டனில் ஏறினால் பிரிட்டன் விசா தனி, ஷெங்கன் விசா தனி. வழித்தடத்தில் ஷெங்கன் அல்லாத துறைமுகம் ஒன்று இருந்தாலும் பலமுறை நுழைவு விசா கேட்டு, துறைமுகப் பட்டியலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டுக்கு. 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. 6 முதல் 11 வயது வரைதான் பாதி. 12 ஆகிவிட்டால் முழுக் கட்டணம், கைரேகையும் வேண்டும். ஆகவே ஏற்காட்டு விடுதியில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு வேலை நாளில் விடுப்பு வாங்கி, விசா மையத்துக்கு நேரில் அழைத்துப் போக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கலாம். கோடை விடுமுறைக்கு விசா மையத்தில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் ஜனவரியிலேயே இறங்கிவிடுங்கள். கப்பலின் கடைசித் தவணை பொதுவாகக் கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன் கட்ட வேண்டிவரும். விசா அதற்கு முன் கைக்கு வந்தால் நிம்மதி.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு ஐந்தாண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரைதான் செல்லும். ஷெங்கன் பகுதியைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும். 15 வயதுக்கு மேல் பத்தாண்டு பாஸ்போர்ட் கேட்டு வாங்க முடியும்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இனிஷியல். ஒரே குடும்பத்தில் அப்பா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், மகளுக்கு அங்கே அப்பா பெயர் இருக்கும், மகனுக்கு வெறும் எழுத்து மட்டும் இருக்கும். கப்பல் நிறுவனத்தின் படிவமோ அந்த இடத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடாது. காலியாக இருந்தால் எப்படி நிரப்புவது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, விமான டிக்கெட், கப்பல், காப்பீடு மூன்றிலும் அந்த நிறுவனங்கள் சொல்லும் முறைப்படி பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகுமாறு நிரப்புங்கள். பெயர் மாறியிருந்தால் துறைமுகத்தில்தான் தெரியவரும்.

கொலுசுப் பட்டறை, சவ்வரிசி ஆலை, லாரி, விசைத்தறி என்று சொந்தத் தொழில் செய்பவர்கள் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் வங்கியில் பெருந்தொகை போட்டு இருப்பு காட்டுவதுண்டு. அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஆறு மாத வரவு செலவு சீராக ஓட வேண்டும். வருமான வரிக் கணக்கும் அதோடு ஒத்துப்போக வேண்டும். பெற்றோரில் ஒருவர் வராவிட்டால் அவருடைய சம்மதக் கடிதம் கட்டாயம். விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. ஆனால் கப்பல் மருத்துவரின் கட்டணமும் கடலிலிருந்து கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவும் எல்லாக் காப்பீட்டிலும் அடங்காது; கேட்டு உறுதி செய்து வாங்குங்கள்.

அறை

நான்கு பேர் அறையில் இரண்டு கட்டில் கீழே, இரண்டு சுவரிலிருந்து மடக்கி இறக்குவது. உயரமான பையனுக்கு மேல் கட்டில் இடிக்கும். இருப்பது ஒரே குளியலறை. காலையில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய ரோம் நாளில் அதன் அருமை தெரியும். நாலு பேருக்கு ஒரு பால்கனி அறை என்பதைவிட, அடுத்தடுத்து இரண்டு உள் அறைகள் சில நேரம் மலிவாகவே வரும். விலை கேட்டுப் பாருங்கள். ஒவ்வோர் அறையின் பதிவிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதே சமயம், மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேரும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சில நிறுவனங்கள் துறைமுக வரி மட்டுமே வாங்கும் சலுகை தருகின்றன. நான்கு பேர் அறைகள் எண்ணிக்கையில் குறைவு, முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்குக் கடலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படியானால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, குமட்டல் தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும்.

பெட்டியிலும் கைப்பேசியிலும்

கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் எதுவும் கப்பலில் அனுமதி இல்லை. ஸ்கேனரில் தெரிந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். நெய் பாட்டிலும் பால்கோவாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே கொண்டுபோகக் கூடாதவை. பயிர்ச் சுகாதாரச் சான்று இல்லாமல் சேலத்து மாம்பழமும் அப்படியே. முத்திரையிட்ட பருப்புப்பொடி, ஊறுகாய் பொட்டலங்கள் போதும். முட்டையும் சேர்க்காத சைவமா என்பதை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவியுங்கள். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் பாஸ்தாவும் சாலடும்தான். நீச்சல் குளத்தில் நைலான் நீச்சல் உடை வேண்டும். பருத்தி லெக்கின்ஸ், ஜீன்ஸ் அரைக்கால் சட்டையோடு இறங்க விட மாட்டார்கள். முழு உடம்பையும் மூடும் நீச்சல் உடை இங்கேயே கிடைக்கும், அதற்குப் பொதுவாகத் தடை இல்லை.

கரையைவிட்டு விலகியதும் கைப்பேசி தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவுக்கான ரோமிங் பேக் அதற்குச் செல்லாது; சில நிமிட இணையத்துக்கே ஆயிரக்கணக்கில் பில் ஏறும். கப்பல் கிளம்பும் முன் எல்லாக் கைப்பேசியும் ஏரோபிளேன் மோடுக்குப் போக வேண்டும். ஒருவரையொருவர் தேட, கப்பலின் செயலியில் உள்ள அரட்டை வசதியை முதல் நாளே பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள்.

கப்பலுக்குள் பணம் புழங்காது. அறை அட்டையைத் தேய்த்தால் அப்பாவின் கிரெடிட் கார்டில் ஏறும். வீடியோ கேம் கூடத்தில்தான் பிள்ளைகள் அறியாமல் காசு கரைப்பது. முதல் நாளே வாடிக்கையாளர் மேசையில் சொல்லி அவர்கள் அட்டைக்கு வரம்பு போடுங்கள். சேவைக் கட்டணம் என்று தலைக்குத் தினமும் ஒரு தொகை தனியாக வரும். 12 யூரோ என்றால்கூட நான்கு பேருக்கு ஏழு நாளில் 336 யூரோ. டிக்கெட் விலையோடு இதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இங்கே பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கிளம்பும் நாளும் இறங்கும் நாளும்

பெங்களூரில் விமானம் ஏறுவதானால், அந்த விமான நிலையம் நகரின் வடகோடியில் இருக்கிறது. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தாலே இரண்டு மணி நேரம் போய்விடும். பிறகு ஓசூர் சாலை நெரிசல். ஓமலூர் அருகே உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானத்தில் போவதானால் அந்த டிக்கெட்டின் 15 கிலோ வரம்பைக் கவனியுங்கள். தனி டிக்கெட் தாமதமானால் அடுத்த விமானம் உங்களுக்காகக் காத்திருக்காது. கப்பல் கிளம்பும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். ஓர் இரவு ஹோட்டல் செலவுக்குப் பயந்து அதே நாள் காலை இறங்குவதுபோல் விமானம் போடும் திட்டத்தை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. கிரீஸ் நேரம் இத்தாலியைவிட ஒரு மணி கூடுதல் என்பதால், கப்பல் எந்த நாட்டு நேரப்படி ஓடுகிறது என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் பார்த்து, பிள்ளைகள் கையில் கட்டிய கடிகாரத்தையும் சரிசெய்யுங்கள்.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். பாஸ்போர்ட், மாத்திரை, மறுநாள் உடுப்பு, செருப்பு கைப்பையில் இருக்கட்டும். அன்றிரவே செயலியில் கணக்கை வரி வரியாகப் பார்த்து, தவறு இருந்தால் மேசையில் சொல்லித் திருத்துங்கள். இறங்கிய பிறகு சேலத்திலிருந்து மின்னஞ்சலில் வாதாடுவது நீண்ட வேலை. சிவிதாவெக்கியாவில் இறங்கினால் ரோம் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், திரும்பும் விமானம் பிற்பகல் 1 மணிக்கு முன்னால் வேண்டாம்.