ரோலர் கோஸ்டருக்கு வயதானால்

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டில் மராமத்து நடக்கிறது. வளவில் இருக்கும் பர்மா தேக்குத் தூண்களில் ஒன்றின் அடியைக் கரையான் அரித்திருந்தது. ஆசாரி அந்த இரண்டடியை மட்டும் அறுத்தெடுத்துப் புதுத் துண்டு கோத்தார். பக்கத்தில் கம்பி கட்டுகிறவர் கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் நாலைந்து தடவை மடக்கினார், அறுந்தது. முனையைத் தொட்டுப் பார்த்தேன், சூடு.

பழைய ரோலர் கோஸ்டரைப் பழுது பார்ப்பதா, பிரித்துப் போடுவதா என்ற கேள்வியும் இதே மரம், இரும்பு விவகாரம்தான்.

மரத் தடம் அப்பத்தா வீட்டுத் தூண் மாதிரி. மக்கிய பலகையைக் கழற்றி வேறு போடலாம். நியூயார்க் கோனி தீவின் சைக்ளோன் என்ற ரோலர் கோஸ்டர் 1927-லிருந்து அப்படித்தான் தாக்குப்பிடிக்கிறது.

இரும்பின் கதை வேறு. 30 மீட்டர் உயரத்திலிருந்து சரியும் வண்டி, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், பள்ளத்துக்கு வரும்போது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தில் தடம் துளி வளைந்து நிமிர்கிறது. கட்டுக்கம்பி மடங்கிய அளவுக்கு இல்லை, ஆனால் லட்சக்கணக்கான தடவை. வெல்டிங் ஓரத்திலோ போல்ட் துளையிலோ மயிரிழை விரிசல் பிறந்து மெல்ல வளரும். இதுதான் உலோகச் சோர்வு. அழுத்தம் ஒரு வரம்புக்குள் இருந்தால் எஃகு ஏறக்குறைய எத்தனை தடவையும் தாங்கும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ரயில் அச்சுகளை வைத்துக் காட்டினார் ஜெர்மானியர் ஆகஸ்ட் வோலர். சரி, அப்புறம் என்ன பயம்? துருதான். துரு அரித்த குழியில் அந்த வரம்பு செல்லாது. நம் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் உலோக அரிப்புக்கென்றே ஆராய்ச்சி நடப்பது சும்மா இல்லை.

வயதை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்காவின் ஃப்யூரி 325 என்ற எஃகு ரோலர் கோஸ்டர் திறந்தது 2015-ல். எட்டே வருடத்தில் ஒரு தூண் முழுக்க வெடித்து, வண்டி போகும்போதெல்லாம் விலகி ஆடியது. அதைக் கவனித்தது பூங்காவுக்கு வந்த ஒருவர்தான். அந்தத் தூணை மாற்றி மறுபடி ஓட்டினார்கள். 1990-ல் வந்த மரக் கோஸ்டரான டெக்சாஸ் ஜெயன்ட்டில், மரச் சட்டங்களை வைத்துக்கொண்டு தடத்தை மட்டும் எஃகாக்கி 2011-ல் திறந்தார்கள். ஆசாரி கண்டால் மெச்சியிருப்பார்.

சில சமயம் இரும்பு நன்றாகவே இருக்கும். பழைய பிரேக்குக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் உதிரி பாகம்தான் கிடைக்காது. அப்பத்தா வீட்டு நிலைக்கதவும் அப்படித்தான் கல்லு மாதிரி நிற்கிறது. அதன் பூட்டுக்குச் சாவி செய்ய ஆள் கிடைக்காமல் இப்போதைக்குச் சங்கிலி போட்டிருக்கிறோம்.