தெருவுக்கு ரோடு போட வீட்டுக்காரரிடம் பணம்: எப்போது கொடுக்கலாம், எப்போது மறுக்கலாம்

"வீட்டுக்குப் பத்தாயிரம் போட்டால் பொங்கல் முடிந்ததும் ரோடு போட்டுவிடலாம்" என்று குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தால் போதும், தெரு இரண்டு கட்சியாகிவிடும். "வரி கட்டுகிறோமே, நாம் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்?" என்பார்கள் சிலர். "பத்து வருடமாகச் சேற்றில் நடக்கிறோம், கொடுத்துத் தொலைப்போம்" என்பார்கள் மற்றவர்கள். அந்தத் தெரு யாருடையது என்ற கேள்வியை மட்டும் இரு தரப்புமே கேட்பதில்லை. அதற்கு விடை தெரியாமல் பணத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

தெரு சென்னை மாநகராட்சியின் பொதுத் தெருவாக இருந்தால், அதைப் பராமரிப்பதும் மறுபடி போடுவதும் மாநகராட்சியின் வேலை. அரையாண்டுக்கு ஒரு முறை கட்டும் சொத்து வரி இதற்கும் சேர்த்துத்தான். குடிநீர், கழிவுநீருக்காகச் சென்னைக் குடிநீர் வாரியம் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் தனியாக வாங்குகிறது. இவற்றுக்கு மேல் "உங்கள் வீட்டு வாசலுக்கு ரோடு போட்டோம், பங்கு கொடுங்கள்" என்று பொதுத் தெருவில் கேட்பதற்கு இடமில்லை. ஒப்பந்ததாரரின் ஆள் வந்து கேட்டாலும் சரி, வட்டத்தில் செல்வாக்குள்ளவர் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரி, மாநகராட்சி ரசீது இல்லாத பணத்துக்குக் கணக்கு கிடையாது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ கவுன்சிலரின் வார்டு நிதியிலோ நடக்கும் வேலைக்கும் வீட்டுக்காரரின் பங்கு தேவையில்லை.

தனியார் தெரு என்றால் கதை வேறு. 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளான அம்பத்தூர், மாதவரம், வளசரவாக்கம், ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் ஆகியவற்றில் இது அதிகம். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தோடு மனை பிரித்து விற்ற காலத்து வரைபடங்களில் "20 அடி ரோடு" என்று கோடு போட்டிருக்கும். உங்கள் கிரயப் பத்திரத்தின் நான்கெல்லையிலும் அதே 20 அடி ரோடு இருக்கும். ஆனால் அந்த ரோட்டு நிலம் இன்னும் மனை பிரித்தவர் பெயரிலேயே, அல்லது அவருடைய வாரிசுகளின் பெயரிலேயே பட்டாவில் நிற்கும். தெருவிளக்கு எரிகிறது, பெயர்ப் பலகை இருக்கிறது, குப்பை வண்டி வருகிறது என்பதை மட்டும் வைத்து அது பொதுத் தெரு என்று முடிவு கட்ட முடியாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முதலில் நகர நில அளவைப் பதிவேட்டில் தெருவின் சர்வே எண்ணைப் பாருங்கள். அது சாலை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா, தனி நபர் பெயரில் இருக்கிறதா என்பது அங்கே தெரியும். அடுத்து அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். தெருவை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருந்தால் அதில் வரும். பெருநகர வளர்ச்சிக் குழும ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவென்றால், சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைப்பது அந்த ஒப்புதலின் நிபந்தனையாகவே இருந்திருக்கும். கடைசியாக, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மண்டல அலுவலகத்துக்கு ஒரு மனு: "இந்தத் தெரு மாநகராட்சியின் தெருப் பட்டியலில் உள்ளதா? கடைசியாக எந்த ஆண்டு, எந்த நிதியில் ரோடு போடப்பட்டது?" பதில் தர 30 நாள் அவகாசம். பணம் வசூலிக்கக் கிளம்பும் சங்கம் முதலில் இந்தப் பத்து ரூபாயைச் செலவழிக்கலாம்.

தனியார் தெருவைச் சரிசெய்யும் செலவை வீட்டுக்காரர் தலையில் போடுவது நம் ஊர்ச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலேயே அந்த வழி இருந்தது. தனியார் தெரு சமன் செய்யாமல், கல் பாவாமல், வடிகாலும் விளக்கும் இல்லாமல் கிடந்தால், அதைப் பார்த்து நிற்கும் நிலம், கட்டடங்களின் உரிமையாளர்களுக்கு ஆணையர் நோட்டீஸ் கொடுப்பார். குறித்த காலத்துக்குள் அவர்கள் செய்யாவிட்டால் மாநகராட்சியே செய்து, செலவை அவரவர் முகப்பு நீளத்தின் விகிதப்படி வசூலிக்கும். வேலை முடிந்தபின் உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கேட்டால் அதைப் பொதுத் தெருவாக அறிவிக்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதிதான் மதிப்புள்ளது, பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரு முறை செலவு செய்தால் அடுத்த முறையிலிருந்து பராமரிப்பு மாநகராட்சியுடையது. அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்காத தெரு, பத்து வருடம் கழித்து மறுபடி வசூலுக்குக் கிளம்பும்.

2023 ஏப்ரல் 13 முதல் அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால் அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கொடுக்கப்பட்டிருக்கிறது, மதிப்பீட்டின் நகல் இணைக்கப்பட்டிருக்கிறதா, ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்ற மூன்றையும் பாருங்கள். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் இருப்பது மோசமான யோசனை. வாடகைக்கு இருப்பவரிடம் இந்தச் செலவைத் தள்ளிவிடுவதும் சரியல்ல. பொறுப்பு உரிமையாளருடையது.

இப்போது பரவலாக நடப்பது இந்தக் கட்டாய வழியல்ல, நமக்கு நாமே திட்டம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கி, 2021-ல் மீண்டும் உயிர் பெற்ற இத்திட்டத்தில் மக்கள் பங்கு பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. மீதி அரசுடையது. வார்டு உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுவார், நிர்வாக ஒப்புதல் வரும், பங்குத் தொகையைக் கட்டியபின் டெண்டர். இங்கே வரிசை முக்கியம். மதிப்பீடு வரும் முன் வசூலை ஆரம்பித்தால் தொகை கூடும்போது இரண்டாம் வசூலுக்குப் போக வேண்டியிருக்கும், அப்போது பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வந்து, அங்கிருந்து டி.டி.யாகவோ வங்கி வழியாகவோ மாநகராட்சிக்குப் போய், ரசீதாகத் திரும்ப வேண்டும். யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் போகக் கூடாது. தெரு நிலம் தனியார் பெயரில் இருக்கும்வரை அரசுப் பணத்தை அதில் போடுவதற்குத் தணிக்கை ஆட்சேபணை வரும். எனவே முதல் படி தானப் பத்திரம். மனை பிரித்தவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். உண்மையில் ரோடு போடுவதைவிட இதற்குத்தான் அதிக மாதம் பிடிக்கும்.

இனி, பங்கு பிரிப்பது. சண்டை வருவது இங்கேதான்.

ஓர் உதாரணக் கணக்கு: 60 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள சந்து. மதிப்பீடு 6 லட்சம், மக்கள் பங்கு 2 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து முகப்பு 120 மீட்டர். மீட்டருக்கு 1,667 ரூபாய். 9 மீட்டர் முகப்புள்ள வீட்டுக்கு 15,000. இதுவரை யாரும் சண்டை போட மாட்டார்கள். மூலை வீட்டுக்காரர் வரட்டும். அவர் வாசல் பெரிய தெருவில். சந்தின் பக்கம் இருப்பது 18 மீட்டர் பக்கச் சுவர் மட்டும். நேர்க் கணக்கில் அவர் பங்கு 30,000. கதவே இல்லாத பக்கத்துக்கு முப்பதாயிரமா என்று அவர் கேட்பது நியாயம்தான். பக்கச் சுவரைப் பாதி நீளமாக எடுத்துக்கொள்வது நடைமுறையில் ஒத்துவரும் வழி. அப்போது மொத்த முகப்பு 111 மீட்டர், மீட்டருக்குச் சுமார் 1,802, மற்ற 9 மீட்டர் வீடுகளுக்கு 16,216. ஆளுக்கு ஆயிரத்து இருநூறு சொச்சம் கூடுகிறது, ஒரு வருட இழுபறி மிச்சமாகிறது. பின்னால் சந்துப் பக்கம் கதவு வைத்தால் மீதிப் பாதியைத் தருவதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முட்டுச் சந்தில் நேர் எதிரான சிக்கல். கடைசி வீட்டுக்கு முகப்பு 4 மீட்டர்தான் இருக்கும். ஆனால் முழுச் சந்தையும் உபயோகிப்பவர் அவர். முகப்பை மட்டும் வைத்துப் பிரித்தால் அவருக்குத்தான் மிகக் குறைவு. இத்தகைய சந்தில் தொகையில் பாதியை முகப்புப்படியும், மீதிப் பாதியை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகவும் பிரிப்பது பொருந்தும். அடுக்குமாடிக்கு முழு மனையின் முகப்பையே எடுக்க வேண்டும், ஃபிளாட் எண்ணிக்கையை அல்ல. 18 மீட்டர் முகப்புள்ள மனைக்கு வரும் 30,000-ஐ உள்ளே யூடிஎஸ், அதாவது மனையில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் உள்ள பிரிபடாத நிலப் பங்கின் விகிதப்படி பிரித்துக்கொள்ளட்டும். 4,800 சதுர அடி மனையில் 720 சதுர அடி யூடிஎஸ் உள்ளவர் பங்கு 15 சதவீதம், அதாவது 4,500. காலி மனைக்காரர் வெளிநாட்டில் இருந்தாலும் அவர் மனையைக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். பங்கு வராவிட்டால் மற்றவர்கள் முன்பணமாகப் போட்டதாகத் தீர்மானத்தில் எழுதி வையுங்கள்.

வசூல் நடக்குமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு ஆலந்தூர் இருக்கிறது. அது தனி நகராட்சியாக இருந்தபோது, 1990-களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000, வணிக இடத்துக்கு 10,000 என்று வைப்புத்தொகை வாங்கினார்கள். தொகை முன்கூட்டியே தெரியும், எல்லா வீட்டுக்கும் ஒன்றே, நகராட்சி ரசீது உண்டு. மக்கள் கொடுத்தார்கள், திட்டமும் ஓடியது.

பணம் கட்டியாகிவிட்டது என்று வேலையை அப்படியே விட்டுவிட முடியாது. ரோட்டுக்கு அடியில் இருப்பவை முதலில் முடிய வேண்டும். கழிவுநீர் இணைப்பு ஆழத்தில் போவதால் அது முதலில், பிறகு குடிநீர், பிறகு மின்வாரியக் கேபிளும் மற்றவையும். இணைப்பு வாங்காத வீடு ஒன்று இருந்தாலும் புது ரோட்டை அவர் வெட்டத்தான் போகிறார். வெட்டு அனுமதிக்கு மாநகராட்சியில் கட்டணமும் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரோடு வெட்ட அனுமதி நிறுத்தப்படும் என்பதால், இணைப்பு வேலைகளைப் பொங்கலுக்குப் பின் எடுத்து, வெயில் காலத்துக்குள் ரோட்டையும் முடிப்பது நல்லது.

அடுத்தது மட்டம். சென்னையில் பாதி வீடுகள் ரோட்டுக்குக் கீழே போனது மழையால் அல்ல, பழைய தாரின் மேலேயே தார் போட்டதால். புதிதாக எவ்வளவு கனம் போடுகிறார்களோ அவ்வளவையாவது மில்லிங் செய்து சுரண்ட வேண்டும் என்பது மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். வேலைக்கு முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து ஒவ்வொரு காம்பவுண்டுச் சுவரிலும் முடிவு மட்டத்தைப் பெயின்டால் குறியுங்கள். வாசற்படியிலிருந்து 15 சென்டிமீட்டராவது கீழே இருக்கட்டும். சம்ப் மூடி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் முதல் மழையிலேயே சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். அந்த வீட்டுக்காரர் ரோடு வருவதற்கு முன்பே சம்ப் வாயை உயர்த்திக் கட்டிவிட வேண்டும். 4 மீட்டர் சந்தில் நடுவிலிருந்து ஓரத்துக்கு 2 மீட்டர். 2 சதவீதச் சரிவென்றால் 4 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். மேன்ஹோல் மூடிகளையும் அதே மட்டத்துக்கு ஏற்ற வேண்டும், புதைத்துவிட்டுப் போகக் கூடாது. ரோட்டுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்தளமும் படியும் போகும், அதற்கு இழப்பீடு கேட்க வழியில்லை.

பேவர் பிளாக்கா கான்கிரீட்டா என்ற கேள்விக்குத் தண்ணீர் லாரியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். 12,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே 12 டன். நடைபாதைக்குப் போடும் 50, 60 மி.மீ. பிளாக் அதன் சக்கரத்தடத்தில் அமுங்கிவிடும். 80 மி.மீ., எம்-40 தரம் கேளுங்கள். வெட்டினாலும் மறுபடி அடுக்கலாம் என்பது பிளாக்கின் பெரிய லாபம். கான்கிரீட் என்றால் சுமார் 4 மீட்டருக்கு ஓர் இணைப்பு வெட்டு வேண்டும், மறுநாளைக்குள் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். சாக்கு விரித்தோ பாத்தி கட்டியோ 14 நாளாவது ஈரம் காயாமல் வைக்க வேண்டும். மூன்றாம் நாளே பைக்கை ஏற்றுபவர் ஒப்பந்ததாரரின் ஆளாக இருக்க மாட்டார், தெருக்காரராகத்தான் இருப்பார். சுவருக்குச் சுவர் மூடிவிடாமல் ஓரத்தில் மண் பட்டையோ உறிஞ்சு குழியோ விட்டால் நிலத்தடி நீருக்கும் கொஞ்சம் போகும்.

பங்கு கொடுத்ததால் தெரு உங்களுடையதாகாது. இரவில் பூட்டும் கேட், வீட்டு முன் பார்க்கிங் சங்கிலி இரண்டுக்கும் பொதுத் தெருவில் உரிமை கிடையாது.

வேலை முடிந்ததும் நீளம், அகலம், கனத்தை நீங்களே அளந்து மதிப்பீட்டோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால், முடிந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவைப் புத்தகத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைநீக்கப் பொறுப்புக் காலம் எந்தத் தேதிவரை என்று எழுத்தில் வாங்கி, அது முடியும் முன் ஒரு மழைக்காலத்துப் பள்ளங்களைப் படமெடுத்து மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். தானப் பத்திரம், பங்கு ரசீது, பொதுத் தெரு அறிவிப்பு ஆகியவற்றின் நகல்களை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் கிரயப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டை விற்கும்போதோ கடனுக்குப் போகும்போதோ, பாதை யாருடையது என்று வங்கி வக்கீல் கேட்பார்.