கதவை உடைத்தது பொலிஸ், காசு கட்டுவது யார்?

லண்டன் ஹரோவில் தனியாக இருக்கும் 78 வயது அம்மா ஒருவர் நல்லூர்த் திருவிழாவுக்கென்று யாழ்ப்பாணம் போனார். வெள்ளிக்கிழமை பயணம் என்றுதான் டொரண்டோவில் இருக்கும் மகனிடம் சொல்லியிருந்தார். புதன்கிழமை டிக்கெட் மலிவாகக் கிடைக்க, அன்றே ஏறிவிட்டார். அதை மகனிடம் சொல்ல மறந்துபோனார். வியாழன் காலையிலிருந்து வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மகன் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினார். அவர் கடிதத் துவாரத்தால் எட்டிப் பார்த்தார். நடையில் அம்மாவின் பழைய கைத்தடி கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கள்ளனை ஏமாற்ற டைமரில் போட்டுவிட்டுப் போன விளக்கு அது!

999 என்ற அவசர எண்ணுக்கு அழைப்புப் போனது. பொலிஸ் வந்தது, தட்டியது, கூப்பிட்டுப் பார்த்தது. அப்புறம் அந்தச் சிவப்பு இரும்பு உருளையைக் கொண்டுவந்து இரண்டு இடி. கதவும் நிலையும் சேர்ந்து போயின. உள்ளே சாமிப் படத்துக்கு முன்னால் வாடிய பூவைத் தவிர ஒன்றும் இல்லை.

மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தவர், கதவு இருந்த இடத்தில் பலகை அடித்திருப்பதைப் பார்த்துவிட்டு நேரே என் அலுவலகத்துக்கு வந்தார். லண்டனில் சொலிசிட்டராகச் சொத்துச் சேத வழக்குகளைப் பார்க்கிற எனக்கு அவர் கேட்ட கேள்வி பழக்கமானது. “பிழை அவையின்ரதானே தம்பி, காசும் அவைதானே தரவேணும்?”

பெரும்பாலும் தரமாட்டார்கள். சட்டம் அவர்கள் பக்கம் நிற்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1984ஆம் ஆண்டின் பொலிஸ் மற்றும் குற்றச் சான்றுகள் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். உயிரையோ உடலையோ காப்பாற்ற, அல்லது சொத்துக்குப் பெரிய சேதம் வராமல் தடுக்க, பிடியாணை எதுவும் இல்லாமல் பொலிஸ் வீட்டுக்குள் நுழையலாம். 117ஆம் பிரிவு அதற்கு நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஒருவரைக் கைது செய்ய நுழைவதென்றால் அவர் உள்ளே இருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். உயிர் காக்க நுழையும்போது அந்த நிபந்தனையைச் சட்டம் வைக்கவில்லை. ஆகவே உள்ளே ஆள் இல்லை என்று பிறகு தெரிந்தாலும், நுழைந்தது சட்டவிரோதமாகிவிடாது.

அதற்காக எல்லையே இல்லை என்றும் இல்லை. 2010இல் சையத் என்பவரின் வழக்கில் உயர் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: ‘உள்ளே இருப்பவரின் நலன் குறித்துக் கவலை’ என்பது மட்டும் கதவை உடைக்கப் போதாது, கடுமையான உடற்காயம் நேர்ந்திருக்கலாம், நேரலாம் என்ற அளவுக்கு அச்சம் இருக்க வேண்டும். பொலிஸ் அனுப்பும் மறுப்புக் கடிதத்தில் வெறும் ‘நலன் குறித்த கவலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். “நாங்கள் ஆம்புலன்ஸைத்தானே கூப்பிட்டோம், பொலிஸ் ஏன் வந்து உடைத்தது?” ஆம்புலன்ஸ்காரருக்குக் கதவை உடைக்கும் அதிகாரம் கிடையாது. பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்றால் அவர்களும் பொலிஸைத்தான் கூப்பிட வேண்டும். தீயணைப்புப் படைக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அதிகாரம் உண்டு.

நல்ல எண்ணத்தில் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு 2022 நவம்பரில் லண்டன் சோஹோவில் நடந்ததைச் சொல்வேன். ஒரு கலைக்கூடத்துக்குள் மஞ்சள் மேலாடை போட்ட பெண் ஒருத்தி மேசையில் சூப் கோப்பைக்குள் முகம் புதைத்துக் கிடக்கிறாள், நெடுநேரமாக அசையவில்லை என்று அழைப்பு. பணியில் இருந்தவர் கதவைப் பூட்டிவிட்டு மாடியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கி வந்து பார்த்தால் கதவு பெயர்ந்திருக்க, உள்ளே இரண்டு பொலிஸார். அந்தப் ‘பெண்’ அமெரிக்கக் கலைஞர் மார்க் ஜென்கின்ஸ் செய்த சிற்பம். கதையைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்த இருவரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தால், நானும் உடைத்திருப்பேன். அது உண்மையான பெண்ணாக இருந்து, அவர்கள் யோசித்துக்கொண்டு நின்றிருந்தால்?

ஆகவே பொலிஸ் தயங்க வேண்டும் என்று நான் ஒருநாளும் வாதாடமாட்டேன். என் வழக்கு வேறு. ஊருக்கெல்லாம் பாதுகாப்பாக இருக்கும் அந்த அதிகாரத்துக்கான செலவை, தற்செயலாக அன்று மாட்டிக்கொண்ட ஒரு வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமா? அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் கீன் நகரத்தில் 2016இல் ஒரு பொலிஸ்காரர் வெயிலில் நின்ற காரின் கண்ணாடியை உடைத்துக் ‘குழந்தையை’ மீட்டார். அது உயிருள்ளதைப் போலவே செய்த பொம்மை. கண்ணாடிச் செலவை அங்கே பொலிஸே ஏற்றது. இங்கே அப்படிக் கொடுப்பது அவர்கள் இஷ்டம், கடமை அல்ல.

நுழைந்தது சரி, செய்த விதம் கவனக்குறைவு என்றால் கதை மாறும். இதற்கு நாங்கள் இன்றும் காட்டுவது 1985இல் தீர்ப்பான ரிக்பி வழக்கு. நோர்தாம்ப்டனில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் ஆபத்தான ஆள் ஒருவன் புகுந்துகொள்ள, அவனை வெளியேற்றப் பொலிஸ் கண்ணீர்ப்புகைக் குண்டைச் சுட்டது. கடை எரிந்து போனது. குண்டைச் சுட்டதில் பிழை இல்லை, அவசியம் இருந்தது என்றார் நீதிபதி. தீயணைக்கும் வசதி எதுவும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் சுட்டது கவனக்குறைவு, அதற்கு நட்டஈடு கொடு என்றார்.

நடைமுறையில் எனக்கு இது உதவுவது முகவரிக் குழப்பங்களில். லண்டனில் ஒரே வீட்டை மூன்று பிளாட்டாக வெட்டி, மேல்தளம் கீழ்த்தளம் என்று எண் போட்டிருப்பார்கள். ஒரு குடும்பத்தின் கீழ்த்தளக் கதவை உடைத்துவிட்டு, அழைப்பு மேல்தளத்துக்கு வந்தது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். முதல் கடிதத்தில் வழக்கமான மறுப்பு. தனிநபர் தரவுச் சட்டப்படி அந்த அழைப்பின் பதிவைக் கேட்டு எழுதினோம். ஒரு மாதத்துக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். பதிவில் ‘மேல்தளம்’ என்று இரண்டு தடவை எழுதியிருந்தது. அதற்குப் பிறகு பேச்சு சுருக்கமாக முடிந்தது, முழுத் தொகையும் வந்தது.

ஆகவே கதவு உடைந்து கிடந்தால் முதலில் போனை எடுத்துப் படம் பிடியுங்கள். பூட்டு, நிலை, சுவர்ச் சாந்து, தரை எல்லாவற்றையும். பொலிஸ் விட்டுப்போன சீட்டில் சம்பவ எண் இருக்கும், அதைத் தொலைக்காதீர்கள். திருத்தும் வேலைக்கு எழுத்தில் விலை வாங்குங்கள். கோபத்தில் அன்றே புதுக் கதவு போட்டு, பழையதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வருபவர்கள் உண்டு. என்னத்தைக் காட்டி வாதாடுவது? சொத்துச் சேதத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் படமும் சாட்சியும் அவ்வளவு நாள் காத்திருக்காது.

வாடகை வீடென்றால் பொதுவாக வெளிக்கதவைத் திருத்துவது வீட்டுச் சொந்தக்காரரின் பொறுப்பு. வாடகைக்காரரிடம் பில் நீட்டும் சொந்தக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உடனே கட்டிவிடாதீர்கள்.

ஹரோ அம்மாவுக்குக் கடைசியில் கைகொடுத்தது இன்சூரன்ஸ். சில வீட்டுக் காப்புறுதிகளில் அவசர சேவையினர் உள்ளே நுழையும்போது ஏற்படும் சேதத்துக்கென்று தனி வாசகம் இருக்கும், அதற்கு ஓர் உச்ச வரம்பும் இருக்கும். சிலவற்றில் அதிகாரிகள் செய்யும் சேதம் அறவே இல்லை என்று எழுதியிருக்கும். அவருடையதில் சேதத்தை ஏற்கும் அந்த வாசகம் இருந்தது. கதவுக்கும் நிலைக்கும் 1,400 பவுண்டு ஆனது; அவர் கையிலிருந்து போனது 250. நீண்ட நாள் வீடு காலியாக இருந்தால் காப்புறுதியின் சில பகுதிகள் செல்லாமல் போகும், பல கம்பெனிகள் 30 நாளில் கோடு போடுகின்றன. அவர் 23ஆம் நாள் திரும்பிவிட்டார். ஆறு கிழமை ஊரில் நிற்கப் போகிறவர்கள் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

இப்போது அவர் வீட்டுச் சுவரில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டி ஒன்று இருக்கிறது. எண் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். 999 அழைக்கும்போது அதைச் சொன்னால் பொலிஸ் சாவியாலேயே திறந்து போகும். முதலில் தன் பிறந்த வருடத்தையே எண்ணாக வைத்திருந்தார். மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டாராம், ஆனால் புது எண்ணை மகனிடம் இன்னும் சொல்லவில்லை என்று போன கிழமை சிரித்துக்கொண்டே சொன்னார். அங்கேயே உட்கார வைத்து டொரண்டோவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.